வி-ஏடிபேஸ் ஆன்டிபாடி: எதை வாங்குவது, எதை விடுவது

செல்லுக்குள் அமிலத்தன்மையைப் பராமரிக்கும் புரோட்டான் பம்ப் வி-ஏடிபேஸ். அதைக் கண்டறிய, குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒரு ஆன்டிபாடி வேண்டும் என்று கேட்லாக்கைத் திறந்தால் பட்டியல் முடிவதே இல்லை. முயலில் செய்தது, எலியில் செய்தது, பாலிகுளோனல் (பல ஆன்டிபாடிகளின் கலவை), மோனோகுளோனல் (ஒரே வகை ஆன்டிபாடி), ரீகாம்பினன்ட் (தெரிந்த மரபு வரிசையிலிருந்து தயாரித்தது) என்று வரிசையாக நிற்கும். பெரும்பாலோர் அங்கிருந்தே ஒப்பிட ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. இந்தப் பம்பின் எந்தப் பகுதியைப் பிடிக்கப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. வி-ஏடிபேஸ் பத்துக்கும் மேற்பட்ட வகைப் புரதங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு. குப்பியின் மேல் 'வி-ஏடிபேஸ்' என்றே எழுதியிருந்தாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு சப்யூனிட்டுக்கான, அதாவது அந்தக் கூட்டமைப்பில் உள்ள ஒரு புரதத்துக்கான, ஆன்டிபாடிதான்.

அதற்கு முன் ஒரு சின்ன எச்சரிக்கை. வெறுமனே 'புரோட்டான் பம்ப்' என்று தேடினால் இரைப்பையில் அமிலம் சுரக்கும் ஹைட்ரஜன்-பொட்டாசியம் ஏடிபேஸும் வந்து கலந்துகொள்ளும். ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகள் தடுப்பது அதைத்தான். அது வேறு குடும்பம், வேறு ஜீன், வேறு வேலை. தாவரச் செல்களின் வெளிச்சவ்வில் உள்ள புரோட்டான் பம்பும் இரைப்பைப் பம்பின் பங்காளிதான், வி-ஏடிபேஸின் பங்காளி அல்ல. அதனால் தேடும்போது ஜீனின் பெயரை வைத்தே தேட வேண்டும். மனித வி-ஏடிபேஸ் சப்யூனிட்களின் ஜீன்கள் கிட்டத்தட்ட எல்லாமே 'ஏடிபி6' என்று தொடங்கும்.

பம்பின் அமைப்பு

பம்புக்கு இரண்டு பாதிகள். வி1 என்ற பாதி செல்லின் உள்திரவமான சைட்டோசாலில் இருந்துகொண்டு, செல்லின் எரிபொருளான ஏடிபியை உடைக்கும். வி0 என்ற பாதி சவ்வுக்குள் பதிந்து புரோட்டானைக் கடத்தும். வி1 பாதியில் எட்டு வகை சப்யூனிட்கள்: பெரிய எழுத்துகளில் ஏ முதல் எச் வரை. அவற்றில் ஏ, பி, ஈ, ஜி ஆகியவை மும்மூன்று பிரதிகள், மற்றவை ஒவ்வொன்று. வி0 பாதிக்குச் சிறிய எழுத்துகள்: ஏ, டி, ஈ, அப்புறம் வளையமாக நிற்கும் சி. பாலூட்டிகளின் வளையத்தில் ஒன்பது சி சப்யூனிட்களும் அவற்றின் நெருங்கிய உறவான இன்னொன்றும் சேர்ந்து பத்து இருக்கும். மூன்று ஏடிபி செலவானால் வளையம் ஒரு முழுச் சுற்று சுற்றி பத்து புரோட்டான்களைத் தள்ளும். பெரிய ஏயும் சின்ன ஏயும் முற்றிலும் வேறு புரதங்கள். ஆர்டர் போடும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். ஏடிபி6வி1ஏ என்றால் பெரிய ஏ. ஏடிபி6வி0ஏ1 என்றால் சின்ன ஏயின் முதல் வடிவம்.

தேர்வைத் தீர்மானிக்கும் விஷயம், இந்த இரண்டு பாதிகளும் பிரியக்கூடியவை என்பது. ஈஸ்ட்டுக்குக் குளுக்கோஸை நிறுத்தினால் சில நிமிடங்களிலேயே வி1 கழன்று சைட்டோசாலுக்குப் போய்விடும். குளுக்கோஸைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி வந்து சேரும். பட்டுப்பூச்சி இனத்தைப் போன்ற ஒரு புழுவின் குடலில், தோலுரிக்கும் காலத்தில் இதே போன்ற பிரிவு நடக்கிறது. பாலூட்டிச் செல்களிலும் ஊட்டச்சத்து நிலைக்கேற்ப சேர்க்கை கூடிக் குறைகிறது. பிரிந்த நிலையில் பம்ப் வேலை செய்யாது. ஆனால் புரதங்கள் அழிவதில்லை. கிடங்கில் கிடக்கும் உதிரிபாகமும் ஓடும் மோட்டாரில் மாட்டியிருக்கும் பாகமும் எண்ணிக்கைக் கணக்கில் ஒன்றுதான். முழுச் செல் சாற்றை எடுத்து பெரிய ஏக்கு வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனை) போட்டால், பம்ப் சேர்ந்திருந்தாலும் பிரிந்திருந்தாலும் அதே பட்டைதான் வரும். 'பட்டை மாறவில்லை, ஆகவே வி-ஏடிபேஸ் மாறவில்லை' என்று எழுதுவது இதனால்தான் செல்லாது.

வி1 பக்கம்: பெரிய ஏயா, பியா?

வி1 பக்கத்தில் நடைமுறையில் போட்டி இந்த இரண்டுக்கும்தான். இரண்டும் நீரில் கரையும் தன்மையுள்ள, மூன்று பிரதிகள் கொண்ட புரதங்கள். சமிக்ஞை நன்றாக வரும், சாற்றைக் கொதிக்க வைத்தாலும் கெடாது.

பெரிய ஏ ஜெல்லில் சுமார் 68 முதல் 70 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) ஓடும். மனிதனில் அதற்கு ஒரே வடிவம்தான். எந்தத் திசுவாக இருந்தாலும் எந்த வடிவத்தைப் பார்க்கிறோம் என்ற சந்தேகம் எழாது. பொதுவான வேலைக்கு என் முதல் ஓட்டு இதற்கே. பலரும் யோசிக்காத ஒரு வசதியும் உண்டு. இம்யூனோபிரெசிபிட்டேஷன் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து இழுத்தெடுப்பது) செய்த பிறகு பிளாட் போட்டால், பிடிக்கப் பயன்படுத்திய ஆன்டிபாடியின் பெரிய துண்டான கனச் சங்கிலி 50 முதல் 55 கிலோடால்டனில் பெரிய பட்டையாக வந்து உட்காரும். பெரிய ஏ அதற்கு மேலே தனியாக நிற்கும்.

பி சப்யூனிட்டுக்கு இரண்டு வடிவங்கள். பி2 கிட்டத்தட்ட எல்லாச் செல்களிலும் இருக்கும். பி1 சிறுநீரகத்தின் இன்டர்கலேட்டட் செல்கள், உட்காது, எபிடிடிமிஸ் (விந்தணு முதிரும் குழாய்) போன்ற சில இடங்களில்தான் அதிகம். பி1 ஜீனில் பிறழ்வு வந்தால் காது கேளாமையுடன் கூடிய டிஸ்டல் ரீனல் டியூபுலர் அசிடோசிஸ் (சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றத் தவறும் நோய்) வரும். சிறுநீரகத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பிரிவினை முக்கியம். நடுப்பகுதி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. வித்தியாசம் இரண்டு நுனிகளில்தான். அதனால் பி1ஐ மட்டும் பிடிப்பதாகச் சொல்லும் ஆன்டிபாடியின் இம்யூனோஜன் (அதை உண்டாக்க விலங்குக்குச் செலுத்திய புரதத் துண்டு) நுனிப் பகுதியா என்று டேட்டாஷீட்டில் பார்க்க வேண்டும். நடுப்பகுதியிலிருந்து எடுத்திருந்தால் இரண்டையும் பிடிக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். அது குறை என்று சொல்ல முடியாது, மொத்த பியைப் பார்க்க அதுவே போதும். அதை வைத்துக்கொண்டு 'பி1 கூடியது' என்று மட்டும் எழுதக் கூடாது.

பியின் தொல்லை அதன் எடை. சுமார் 56 கிலோடால்டன். மேலே சொன்ன கனச் சங்கிலியோடும், சாம்பிள்கள் சம அளவில் இருக்கின்றனவா என்று பார்க்க லோடிங் கன்ட்ரோலாகப் போடும் டியூபுலினோடும் நெருங்கி ஓடும். ஒரே மெம்பிரேனில் இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசித்து, வேறு விலங்கில் செய்த ஆன்டிபாடி, வேறு நிற ஃபுளோரசன்ட் என்று திட்டமிட வேண்டும்.

ஈ1, எச் போன்றவற்றுக்கும் ஆன்டிபாடிகள் உண்டு. ஏற்கெனவே அதைப் பயன்படுத்தி வரும் குழு தொடரலாம். புதிதாகத் தொடங்குபவர் தேடிப் போகக் காரணமில்லை.

வி0 பக்கம்: இங்கேதான் பணம் வீணாகும்

சவ்வுக்குள் இருக்கும் பாதி என்றதும் பலரும் சி வளையத்தை நினைக்கிறார்கள். ஒன்பது பிரதிகள் இருக்கின்றனவே, சமிக்ஞை பலமாக வருமே என்ற கணக்கு. ஆனால் சி சுமார் 16 கிலோடால்டன் மட்டுமே உள்ள, நான்கு முறை சவ்வைக் கடக்கும், எண்ணெய்த்தன்மை மிகுந்த புரதம். குளோரோஃபார்ம்-மெத்தனால் கலவையிலேயே கரையும் அளவுக்கு. சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது கொஞ்சமே. எபிடோப்புக்கு (ஆன்டிபாடி ஒட்டும் பகுதி) இடம் குறைவு. பரிணாமத்தில் மாறாமல் இருப்பதால் முயலின் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அது அந்நியமாகவே தெரியாது. கொதிக்க வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி ஜெல்லின் மேல்பகுதியிலேயே நின்றுவிடும். சி வளையமே உங்கள் கேள்வி என்றால் தவிர, இதை விட்டுவிடுங்கள் என்பேன்.

சின்ன ஏ கதை வேறு. மனிதனில் நான்கு வடிவங்கள். பம்ப் செல்லில் எங்கே போய் உட்கார வேண்டும் என்பதில் இவற்றுக்குப் பெரும் பங்கு. ஏ1 நரம்புச் செல்களின் சினாப்டிக் வெசிக்கிள்களிலும், ஏ2 கோல்கி, எண்டோசோம் பக்கத்திலும், ஏ3 செல்லின் கழிவைச் செரிக்கும் லைசோசோம்களிலும் எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களின் வெளிச்சவ்விலும், ஏ4 சிறுநீரக இன்டர்கலேட்டட் செல்களிலும் முக்கியமாகக் காணப்படும். ஏ3க்கான ஜீன் டிசிஐஆர்ஜி1 என்ற பெயரில் இருப்பதால் 'ஏடிபி6' என்று தேடுபவர்கள் அதைத் தவறவிட வாய்ப்பு உண்டு. அதில் பிறழ்வு வந்தால் எலும்பு அளவுக்கு மீறி இறுகும் ஆஸ்டியோபெட்ரோசிஸ். ஏ2வில் வந்தால் தோல் தளர்ந்து தொங்கும் கியூட்டிஸ் லாக்ஸாவின் ஒரு வகை. ஏ4இல் வந்தால் மறுபடி சிறுநீரக அசிடோசிஸ். கேள்வி இந்த மாதிரி இடம் அல்லது நோய் சார்ந்ததாக இருந்தால் சின்ன ஏ ஆன்டிபாடியைத் தவிர்க்க முடியாது.

அப்படி வாங்கும்போது இம்யூனோஜன் சைட்டோசாலில் இருக்கும் முன்பாதியிலிருந்து வந்ததா என்று பாருங்கள். பின்பாதி எட்டு முறை சவ்வைக் கடப்பது, அங்கே நல்ல எபிடோப் கிடைப்பது அரிது. கணக்கின்படி எடை 96 கிலோடால்டன் அளவில் வரும். ஜெல்லில் 100 முதல் 116 வரை எங்கே வேண்டுமானாலும் ஓடும். சாம்பிளை 95 டிகிரியில் கொதிக்க வைக்காமல், 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் போதும். 'இந்த ஆன்டிபாடி வேலை செய்யவில்லை' என்ற புகார்களில் கணிசமானவை கொதிக்க வைத்த சாம்பிள்களிலிருந்து வருபவை என்பது என் சந்தேகம். லைசோசோம் அடையாளமாகப் பலரும் போடும் லாம்ப்1 சர்க்கரை ஒட்டிய புரதம்; அதுவும் 100 முதல் 120 கிலோடால்டன் பகுதியில் பரவலாக ஓடும். ஒரே மெம்பிரேனில் இரண்டையும் ஒரே நிறத்தில் பார்க்கத் திட்டமிட வேண்டாம்.

இப்போது நான் பரிந்துரைக்கும் ஆள்: சின்ன டி, அதாவது ஏடிபி6வி0டி1. சுமார் 40 கிலோடால்டன். வி0வின் உறுப்பினர்தான், ஆனால் சவ்வைக் கடப்பதே இல்லை. சி வளையத்தின் மேல் சைட்டோசால் பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. நீரில் கரையும் புரதத்துக்குரிய எல்லா வசதியும் உண்டு. கொதிக்க வைக்கலாம், நல்ல எபிடோப்கள் உண்டு, ஜெல்லில் கனச் சங்கிலிக்குக் கீழே தள்ளி ஓடும். பி சப்யூனிட்டைப் போலவே இதற்கும் இரண்டாம் வடிவம் உண்டு. டி2 ஆஸ்டியோகிளாஸ்ட் போன்ற சில செல்களில் அதிகம். அந்தச் செல்களில் வேலை செய்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்.

துணைப் புரதங்களான ஏடிபி6ஏபி1, ஏபி2 இரண்டையும் பம்பின் அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏபி2வுக்குப் புரோரெனின் ரிசெப்டர் என்ற இன்னொரு பெயரும் வேறு வேலைகளும் உண்டு. அது செல்லுக்குள் வெட்டுப்பட்டுத் துண்டாவதால் எந்த நுனிக்கான ஆன்டிபாடி என்பதைப் பொறுத்து பட்டையே மாறும்.

ஒன்று வாங்குவதா, இரண்டா?

பம்ப் சேர்ந்திருக்கிறதா என்பது கேள்வியானால் ஒரு ஆன்டிபாடி போதாது. பெரிய ஏ ஒன்று, டி1 ஒன்று. செல்லை உடைத்து, சவ்வுப் பகுதியையும் சைட்டோசாலையும் பிரித்து, சவ்வில் பெரிய ஏக்கும் டி1க்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். வி0 சவ்வை விட்டு எங்கும் போகாது, ஆகவே டி1 தானாகவே நல்ல ஒப்பளவாகிவிடும். பிரித்தெடுக்கும் பஃபரில் நைட்ரேட், அயோடைடு போன்ற அயனிகள் இருக்கக் கூடாது, குறிப்பாக ஐஸில் ஏடிபியோடு வைக்கும்போது. அவை வி1ஐ சவ்விலிருந்து உரித்துவிடும். அந்தக் கெடுதலையே கன்ட்ரோலாகவும் ஆக்கிக்கொள்ளலாம். சவ்வின் ஒரு பகுதியை வேண்டுமென்றே பொட்டாசியம் நைட்ரேட்டில் வைத்தால், முழுக்கப் பிரிந்த நிலை உங்கள் பிளாட்டில் எப்படித் தெரியும் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஈஸ்ட்டில் வேலை செய்பவர்களுக்கு இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த நிலை. 8பி1 என்ற பழைய மோனோகுளோனல் ஈஸ்ட்டின் பெரிய ஏயை, வி1 தனியாக இருந்தாலும் முழுப் பம்பாக இருந்தாலும் பிடித்து இழுக்கும். 10டி7 என்ற இன்னொன்று ஈஸ்ட்டின் சின்ன ஏயை, வி1 ஒட்டாமல் இருக்கும்போது மட்டும் பிடிக்கும். வி1 வந்து உட்கார்ந்ததும் அந்த எபிடோப் மறைந்துவிடும். இரண்டையும் வைத்து இம்யூனோபிரெசிபிட்டேஷன் செய்தால் சேர்ந்தது எவ்வளவு, பிரிந்தது எவ்வளவு என்று நேரடியாகவே பார்க்கலாம். மற்ற உயிரிகளில் வேலை செய்பவர்களும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பாடம் உண்டு. பிளாட்டில் அருமையாக வேலை செய்யும் ஆன்டிபாடி, புரதம் விரியாத நிலையில், முழுப் பம்பில் எபிடோப் மூடிக்கிடப்பதால் பிடிக்காமலே போகலாம். பிளாட் படத்தைப் பார்த்து இம்யூனோபிரெசிபிட்டேஷனுக்கு வாங்காதீர்கள்.

பாலிகுளோனல், மோனோகுளோனல், ரீகாம்பினன்ட்

சப்யூனிட் முடிவான பிறகு இந்தக் கேள்விக்கு வரலாம். இதில் எனக்குப் பெரிய குழப்பமில்லை. முயல் ரீகாம்பினன்ட் மோனோகுளோனல் கிடைத்தால் அதையே எடுங்கள். அதன் மரபு வரிசை தெரிந்தது, லாட்டுக்கு லாட் (ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் அடுத்ததற்கும்) மாறாது. செல்களை இணைத்து மோனோகுளோனல் தயாரிக்கும் ஹைப்ரிடோமா முறை 1975இல் வந்தது, அறிவியலையே மாற்றியது, அதைக் கண்டுபிடித்த கோலருக்கும் மில்ஸ்டைனுக்கும் 1984இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனாலும் அந்தச் செல்கள் காலப்போக்கில் மாறக்கூடியவை, சில நேரம் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டிபாடி வெளியிடக்கூடியவை. பாலிகுளோனல் அந்த விலங்கின் ஆயுளோடு முடிந்தது. அடுத்த லாட் அடுத்த விலங்கு.

614 வணிக ஆன்டிபாடிகளை 65 நரம்பியல் புரதங்களுக்கு எதிராக அந்தந்த ஜீனை நீக்கிய நாக்அவுட் செல்களில் சோதித்த ஒரு பெரிய ஒப்பீடு 2023இல் வெளியானது. அதிலும் ரீகாம்பினன்ட்கள்தான் சராசரியாக முன்னால் நின்றன. இலக்கையே பிடிக்காத ஆன்டிபாடிகளை வைத்து ஏராளமான கட்டுரைகள் வெளிவந்திருப்பதும் அதில் தெரிந்தது. 'இத்தனை கட்டுரைகளில் பயன்படுத்தப்பட்டது' என்று விற்பனைப் பக்கம் சொல்வதற்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்காததற்குக் காரணம் இதுதான்.

பாலிகுளோனலுக்கும் இடமுண்டு. மீன், பூச்சி, தாவரம் என்று மனிதனிலிருந்து தள்ளிப்போகும்போது ஒரே எபிடோப்பை நம்பும் மோனோகுளோனல் கைவிடலாம். பல எபிடோப்களைப் பிடிக்கும் பாலிகுளோனல் தாக்குப்பிடிக்கலாம். அப்போதும் இம்யூனோஜன் வரிசையை உங்கள் உயிரியின் புரத வரிசையோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குவது பத்து நிமிட வேலை. எலித் திசுவில் வேலை செய்பவர்கள் எலியில் செய்த ஆன்டிபாடியைத் தவிர்த்தால் பின்னணி இரைச்சல் பாதி குறையும்.

சரிபார்ப்பதில் இருக்கும் சிக்கல்

பொதுவாக ஆன்டிபாடி விஷயத்தில் நாக்அவுட் செல்லில் பட்டை மறைகிறதா என்பதுதான் கடைசித் தீர்ப்பு. வி-ஏடிபேஸில் அது எளிதில் நடக்காது. பெரிய ஏ, டி1 போன்றவை இல்லாமல் பெரும்பாலான மனிதச் செல் வரிசைகள் பிழைக்காது. ஆகவே 'நாக்அவுட் மூலம் சரிபார்க்கப்படவில்லை' என்பதை மட்டும் வைத்து இங்கே ஒரு ஆன்டிபாடியை ஒதுக்க வேண்டாம். எஸ்ஐஆர்என்ஏ (ஒரு ஜீனின் புரத உற்பத்தியைக் குறைக்கும் சிறிய ஆர்என்ஏ) மூலம் அளவைக் குறைத்துக் காட்டிய தரவு இருக்கிறதா, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட எஸ்ஐஆர்என்ஏவோடு இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன ஏயின் வடிவங்களுக்கு நிலைமை மேல். ஒன்று போனாலும் இன்னொன்று ஈடுகொடுக்க முடிவதால் நாக்அவுட் செல்களோ எலிகளோ கிடைக்கும். அங்கே நாக்அவுட் தரவு கேட்பதில் நியாயம் உண்டு.

ஒரு சப்யூனிட்டைக் குறைத்தால் கூட்டாளி சப்யூனிட்கள் நிலைகுலைந்து அவையும் குறையலாம். வி0வின் ஒரு பகுதியைக் குறைத்த செல்லில் டி1 பட்டையும் மங்கினால், ஆன்டிபாடி தவறான புரதத்தைப் பிடிக்கிறது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

பாஃபிலோமைசின் கொடுத்து, 'பம்பைத் தடுத்தோம், பட்டை குறையவில்லை, ஆன்டிபாடி சரியில்லை' என்று சொல்பவர்களும் உண்டு. பாஃபிலோமைசின் சி வளையத்தில் ஒட்டி ஓட்டத்தை நிறுத்தும். புரதத்தை அழிக்காது. அது லைசோசோமின் அமிலத்தன்மையை அளக்கும் சோதனைக்கு உரிய கன்ட்ரோல். ஆன்டிபாடியின் குறிப்புத்தன்மைக்கு அல்ல. பம்ப் வேலை செய்கிறதா என்று அறிய எந்த ஆன்டிபாடியும் உதவாது. அதற்கு அமிலத்தன்மையை உணரும் சாயங்கள்தான்.

நுண்ணோக்கிக்கு

லைசோசோமில் பம்பைப் படமெடுக்க பெரிய ஏ ஆன்டிபாடியை லாம்ப்1உடன் சேர்த்துப் போடுவது வழக்கம். கழன்று சைட்டோசாலில் மிதக்கும் வி1உம் அதே நிறத்தில் தெரியும் என்பதால் படம் கொஞ்சம் கலங்கலாகவே வரும். அது ஆன்டிபாடியின் குற்றம் இல்லை. நிலைப்படுத்தும் முன், வெளிச்சவ்வில் துளையிடும் டிஜிடோனின் கொண்டு சைட்டோசாலைக் கழுவினால் புள்ளிகள் தெளியும். செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃபிளோ சைட்டோமெட்ரி செய்பவர்கள் செல்லைத் துளையிடாமல் வி1 ஆன்டிபாடியைப் போட்டால் ஒன்றும் கிடைக்காது. பம்ப் வெளிச்சவ்வில் இருந்தாலும் வி1 உள்பக்கமே பார்த்திருக்கும். சிறுநீரகம் போன்ற திசுக்களின் உறைவெட்டுகளில் எபிடோப் மூடிக்கிடந்தால் புரதத்தை விரிக்கும் சோப்பான எஸ்டிஎஸ்ஸின் ஒரு சதவீதக் கரைசலில் சில நிமிடம் வைத்து மீட்கும் முறை உண்டு. அதற்குப் பிறகு நன்றாகக் கழுவ வேண்டும், இல்லையென்றால் ஆன்டிபாடியையே எஸ்டிஎஸ் கெடுத்துவிடும்.

ஆன்டிபாடி எதுவுமே படத்தில் ஒத்துவரவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. லெஜியோனெல்லா பாக்டீரியா செலுத்தும் சிட்கே என்ற புரதம் பெரிய ஏயை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். 2020இல் மூளையிலிருந்து பம்பைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டறிய இதையே தூண்டிலாகப் பயன்படுத்தினார்கள். பின்னர் இதில் ஃபுளோரசன்ட் ஒட்டி, நிலைப்படுத்திய செல்களில் பம்பைக் காணவும் எண்ணவும் செய்தார்கள். புரதத்தை பாக்டீரியாவில் தயாரித்துச் சுத்திகரிக்கும் வசதியுள்ள குழுவுக்கு இது நல்ல மாற்று. ஆன்டிபாடியைவிட அளவில் சிறியது, ஈஸ்ட் முதல் பாலூட்டி வரை ஒரே புரதம் போதும், லாட் பிரச்சினையும் கிடையாது. வசதி இல்லாதவர்கள் பெரிய ஏக்கு ஒரு ரீகாம்பினன்ட், டி1க்கு ஒன்று என்று சிறிய அளவில் வாங்கி, முதல் குப்பி தீரும் முன் தங்கள் செல்லில் எஸ்ஐஆர்என்ஏவோடு ஒரு பிளாட் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் பெரிய அளவுக்கு ஆர்டர் கொடுக்கலாம்.